ஔஷத தானமும் ஒரு நாயும்



ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் அறியும். பாட்டியர் விரல் மடக்கி எண்ணக் கற்பிக்கும் முதற்கணக்கு அது. ஆயினும் இந்நான்கனுள் ஔஷத தானம் இக்காலத்தில் பெரும்பாலும் ஒரு ரசீதளவில் நின்றுவிட்டது. மருத்துவ முகாமுக்கு இன்னார் இவ்வளவு தொகை அளித்தார் என்று பலகையில் எழுதி மகிழ்கிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் மருந்து ஒருமுறை கொடுத்துத் தீரும் பொருளன்று. சோறு அவ்வேளைப் பசியைத் தீர்த்துவிடும். நூலைக் கையளித்தால் அது பெற்றவரிடமே தங்கும். தீராத நோயுடைய உயிருக்கோ, இன்று அளித்த மருந்து நாளைக்கு ஆகாது. பெறுபவரைக் காட்டிலும் கொடுப்பவரையே மிகுதியாகக் கட்டுவது இத்தானம் என்பது நம் கருத்து.

மணலியில் வாழும் நம்மிடம் அண்மையில் ஓர் இளந்தம்பதியர் வந்து ஒரு வினாவை முன்வைத்தனர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரினர். கணவர் இங்குள்ள தொழிற்சாலையொன்றில் பணிபுரிபவர். பிராணிகள் காப்பகம் ஒன்றில் மூன்று வயது நாய் ஒன்றைக் கண்டு மனம் பற்றிவிட்டது. அதற்கு வலிப்பு நோய். நாளொன்றுக்கு இருவேளை, உயிருள்ளவரை, மாத்திரை கொடுத்தாக வேண்டும். இதற்குமுன் இருமுறை அதனைத் தத்தெடுத்துச் சென்றவர்கள் இருமுறையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுச் சென்றனராம். "டீச்சரம்மா, சாவகர் வீட்டுக்கு இது ஆகுமா? ஊரில் பெரியவர்கள் கூடாது என்கிறார்கள்" என்றார் அப்பெண். நம் இல்லத்திலும் இரண்டாண்டுகளாக அத்தகைய நாய் ஒன்று உள்ளமையால் நம்மைத் தேடி வந்தனர். அவர்களுக்குக் கூறியவற்றையே சற்று விரித்து ஈண்டு எழுதுகிறோம்.

ஊர்ப் பெரியவர்கள் கூறுவது ஆதாரமற்ற பேச்சன்று. அனர்த்த தண்டம், அதாவது பயனின்றிப் பாவம் ஈட்டும் செயல், இன்னின்னது என்று வகுத்துரைக்குமிடத்தில் சுவாமி கார்த்திகேயர் அருளிய அனுப்ரேக்ஷை நூல், பூனை முதலியவற்றை வளர்ப்பதையும் அதனுள் வைத்து எண்ணுகிறது. பிற உயிரைக் கொன்று தின்னும் இயல்புடையவற்றை விளையாட்டிற்கும் பெருமைக்கும் பேணினால், அவை செய்யும் கொலையில் பேணியவருக்கும் பங்குண்டு என்பது இதன் உட்கருத்து. வேட்டைக்கென நாய் வளர்த்தலும், அயல்நாட்டு இனத்தை விலைகொடுத்து வாங்கிக் கௌரவத்திற்குக் கட்டிவைத்தலும் இவ்விலக்கினுள் அடங்குவனவே. அந்த விலைக்காகவே தாய்நாய்களை ஓயாது ஈனச் செய்யும் வணிகம் நடைபெறுகிறது.

ஆனால் நோயுற்று நாதியற்றுக் கிடக்கும் ஓர் உயிருக்குப் புகலிடம் தருவது வேறு செயல். டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனையைக் கண்டவர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். ஊனுண்ணும் பருந்து போன்றவற்றை அங்கே பிற பறவைகளோடு உள்நோயாளியாக வைத்துக்கொள்வதில்லை. எனினும் காயத்துக்கு மருந்திட்டே அனுப்புகின்றனர். விலக்கும் கருணையும் ஒரே கூரையின்கீழ் எவ்வாறு வாழ முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, நாய் என்னும் பிறவியைப் பற்றிச் சிறிது. நம் ஆகமக் கணக்கில் அது மனம் படைத்த ஐம்பொறி உயிர். ஸம்யக் தர்சனம் பெறத் தகுதியுடைய திரியஞ்ச ஜீவன். வர்த்தமான பகவானே முற்பிறவியொன்றில் சிங்கமாயிருந்தபோது முனிவரின் உபதேசத்தால் நற்காட்சி எய்தினார் என்பது புராணம். தமிழ் ஜைனர்களாகிய நமக்கோ இன்னும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் குணமாலையார் இலம்பகத்தை நினைவுகூர்க. வேள்விச் சோற்றில் வாய்வைத்த நாயொன்றை அந்தணர் அடித்து வீழ்த்துகின்றனர். அது குற்றுயிராய்க் கிடக்கையில் அவ்வழி வந்த சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதுகிறான். நாய் இறந்து சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. தன் நன்றியை மறவாது, பின்னாளில் கட்டியங்காரன் சீவகனைக் கொல்ல முற்பட்டபோது வந்து தூக்கிச் சென்று காக்கிறது.

இக்கதையைச் சொல்லும்போது நாம் மந்திரத்தின் பெருமையையும் தேவகதியையும் விரிவாகப் பேசுகிறோம். அரச குலத்து இளைஞன் ஒருவன், குருதி வடியக் கிடந்த தெருநாயின் காதருகே குனிந்தான் என்னும் இடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மாணவ ஆசிரியர்களுக்குக் கதை சொல்லும் முறையைக் கற்பித்த காலத்தில், கதையின் முடிவுக்கு ஓடாதீர்கள், பாத்திரம் என்ன செய்தது என்பதில் குழந்தையை நிறுத்துங்கள் என்று சொல்வதுண்டு. அம்முறையை இக்கதைக்கும் பொருத்திப் பாருங்கள். அன்று அந்த நாயை உயிர்ப்பிக்கும் மருந்து சீவகன் கையில் இல்லை. ஆகவே செவிக்கு உணவளித்தான். இன்று வலிப்புற்ற நாய்க்கு மருந்து உண்டு. செவியில் ஓதுவதோடு நிறுத்திக்கொள்ள நமக்குக் காரணமில்லை. நம் இல்லத்து நாய்க்கு அத்தேவனின் பெயரையே இட்டோம். பிள்ளைகள் வாயில் அது சுதன் ஆயிற்று.

நாயின் பொருட்டு மனிதர் எழுந்து நின்ற வரலாறும் நம் நாட்டில் உண்டு. 1832ஆம் ஆண்டு பம்பாயில் ஆங்கில அரசு தெருநாய்களைக் கொல்ல முற்பட்டபோது பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிற சமயத்தாரும் துணைநின்றனர். அதன் தொடர்ச்சியாகவே 1834இல் பம்பாய்ப் பிஞ்ராபோல் தோன்றியது. நம் சென்னையில் அயனாவரத்துப் பிஞ்ராபோல் 1906இல் தொடங்கப்பெற்றது. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் அவர்களின் குடும்பத்தார் புளூ கிராஸ் அமைப்பை ஏற்படுத்தினர். ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் பயனாக 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். சென்னை மாநகராட்சி 1996ஆம் ஆண்டு வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. அதன் பின்னரே கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அதன் வழியாயின. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், டில்லிப் பகுதித் தெருநாய்கள் யாவற்றையும் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டுப் பின் அதே மாதத்தில் அதனைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறியது. வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விலக்கியது. நாய்க்கடியால் துன்புறும் குழந்தைகளின் பெற்றோர் அச்சமும் மெய்யானதே. அதனை இகழ்ந்து பேசுபவர் நம் மரபை உணர்ந்தவர் ஆகார்.

காப்பகம் எத்துணை நன்றாக நடைபெறினும் அது கூட்டம் மிகுந்த இடம். துடிப்பான குட்டிகள் சில நாளில் வீடு சேர்ந்துவிடும். மூன்று கால் நாயும், கண்ணிழந்ததும், நாள்தோறும் மாத்திரை வேண்டுவதும் பின்தங்கும். அவற்றைத் தேர்ந்து வருபவர் அரியர். வந்தவர்களும் சில வாரங்களில் சலித்துத் திருப்பிவிடுவதே பெருந்துயரம். வலிப்பு நோயுடைய நாய்க்கு இச்சலிப்பு உயிருக்கே உலை வைப்பது. காரணத்தைக் கூறுவோம்.

நாய்க்கு வரும் வலிப்பு சில வேளை பிறவி இயல்பால் வருவது. சில வேளை டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயினின்று பிழைத்ததன் எச்சமாக நிற்பது. தடுப்பூசி பெறாத தெருக்குட்டிகளிடையே இந்நோய் பரவும். மருத்துவர்கள் பெரும்பாலும் பீனோபார்பிட்டோன் என்னும் மாத்திரையைத் தருகின்றனர். பன்னிரண்டு மணிக்கொருமுறை கொடுத்தால்தான் குருதியில் அதன் அளவு சீராக நிற்கும். அவ்வாறு நிலைபெறவே ஏறத்தாழ இரண்டு வாரமாகும். தொடக்கத்தில் நாய் தள்ளாடும், மிகவும் உறங்கும். பசியும் தாகமும் பெருகும். இதைக் கண்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் முன்னிலும் கடுமையான வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிரையே கொண்டுபோகக்கூடும். குறைப்பதாயின் மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் குருதிச் சோதனை செய்து ஈரலின் நிலையை அறிதல் நன்று. 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, மணலியினின்று சற்றுத் தொலைவாயினும், நம் போன்றோர்க்கு எட்டும் செலவினது.

ஆகவே இம்மருந்தைக் கையேற்பவர் ஒரு விரதத்தைக் கையேற்கிறார் என்று அத்தம்பதியரிடம் கூறினோம். கருணை என்று சொல்லவில்லை. கருணை மனத்தில் எழும், அடங்கும். அடைமழை நாளில் சற்றுக் குறையும். உறவினர் திருமணத்தில் மறந்தே போகும். விரதத்துக்கு நாள்கோள் இல்லை.

வேளை குறித்து ஒரு செய்தி. இரவுண்ணாமை நோற்கும் இல்லங்களில், இரவில் நாய்க்கு மருந்தும் உணவும் கொடுக்கலாமா என்னும் ஐயம் எழுகிறது. நம் இல்லத்தில் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்று வகுத்துக்கொண்டோம். சென்னையில் கார்த்திகை மாதத்துக் குறும்பகலிலும் கதிரவன் ஐந்தரைக்குப் பின்னரே மறைகின்றான். ஆதலின் மாலை வேளை ஆண்டு முழுதும் பகலிலேயே அமைந்துவிடுகிறது. காலை வேளை மட்டும் பல மாதங்களில் புலருமுன் வரும். அதனால் குறையில்லை. விரதம் எடுத்தவருக்கே விரதம். நாய் அதனை எடுக்கவில்லை. நாம் உபவாசம் இருக்கும் நாளிலும் அதன் தட்டில் சோறு இருத்தல் வேண்டும். அஹிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக உமாஸ்வாமி எண்ணிய ஐந்தனை நினைக்க: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். நாய் வளர்க்கும் இல்லம் ஒவ்வொன்றும் இவ்வைந்தையும் சமையலறைச் சுவரில் எழுதி வைக்கலாம். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாயை நம் தெருவிலேயே எத்தனை வாயில்களில் காண்கிறோம்! அவ்வீட்டார் ஈயையும் கொல்லாதவர். எனினும் முதல் அதிசாரம் வாயிலிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

மாத்திரையை எதில் பொதிந்து கொடுப்பது? பிறர் ஊனில் வைப்பர், தேனில் குழைப்பர். இரண்டும் நமக்கு விலக்கு. இட்லித் துண்டு போதும். உள்ளே குழிசெய்து மாத்திரையை வைத்து, முதலில் வெறுந்துண்டு ஒன்று, பின் மருந்துத் துண்டு, உடனே மீண்டும் ஒரு வெறுந்துண்டு என்று கொடுத்தால் ஐயமின்றி விழுங்கும். கூண்டு மருந்தின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் இவற்றினின்று எடுத்த ஜெலட்டினால் ஆவது. ஆதலின் அதே மருந்து மாத்திரையாக உண்டா என மருத்துவரிடம் முன்னரே கேட்டல் நலம். உணவைப் பற்றியும் அஞ்சுவர். பூனை ஊனின்றி வாழ்வது அரிது, நாய் அவ்வாறன்று. சோறும் பருப்பும் தயிரும் காயும் மருத்துவர் காட்டும் சத்துப்பொருள்களோடு சேர்த்து அளந்து கொடுத்தால் அது நன்கு வாழும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவற்றை விலக்கிய நம் சமையல் அதற்கு இயல்பிலேயே பொருந்துகிறது. ஆனால் திராட்சையும் உலர்ந்த திராட்சையும் அதனினும் கேடு. பிரசாதத்தை அன்போடு நீட்டும் பாட்டியர் இதனைக் கருதுக.

எளிதில் தீராத ஐயம் ஒன்றுண்டு. நாயின்மேல் உண்ணி ஏறும். வயிற்றில் புழு சேரும். அவற்றுக்கு மருந்திட்டால் சிற்றுயிர்கள் மாய்கின்றன. ஓர் உயிரைக் காக்கப் பல உயிரைக் கொல்வதோ என்று அப்பெண் கேட்டபோது நாம் உடனே விடை கூறவில்லை. ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என்று நான்காக வகுத்து, கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சை ஒன்றையே இல்லறத்தார் முற்றும் விலக்கக் கடவர் என்றனர் சான்றோர். நோய் தீர்க்கும் முயற்சியில் நேர்வது அதன்பாற்படாது. எனினும் இவ்விதியைக் காட்டி மனத்தை ஆற்றிக்கொள்வதைக் காட்டிலும், உண்ணி ஏறாதவாறு காப்பதே சாவகர் வழி. படுக்கையை வெயிலில் இடுக, தரையைத் துடைக்க, நாள்தோறும் சீப்பிட்டு வாருக. மழைக்குப்பின் புல்தரையில் புரளவிடாதீர். இவ்வளவு செய்தும் மருந்து தேவைப்படின், செய்து, அன்றைய பிரதிக்கிரமணத்தில் அவ்வுயிர்களை நினைத்தல் தக்கது. இதில் மாற்றுக் கருத்துடைய பெரியோர் இருக்கலாம்.

வலிப்பு வரும் வேளையை நேரில் கண்டிராதவர்க்கு அது அச்சம் தரும். உடல் விறைத்து, கால்கள் துழாவி, வாயில் நுரை தள்ளி, சிறுநீரும் மலமும் தாமே கழியும். வாயினுள் கைவிடலாகாது, நாய் நாவை விழுங்கிவிடாது. அருகிலுள்ள நாற்காலி முதலியவற்றை அகற்றி, விளக்கணைத்து, ஓசையின்றி இருந்து, கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். தெளிந்தபின் அது நம்மை அடையாளம் காணாமல் சுவரில் முட்டும். பின்னர்த் தலைகுனிந்து வந்து நிற்கும். அதன்பின் தரையைக் கழுவ வேண்டும். நற்காட்சியின் அங்கங்களுள் மூன்றாவதாகிய நிர்விசிகித்ஸைக்கு உத்தாயன மன்னனை எடுத்துக்காட்டுவர். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் தன்மேல் உமிழ்ந்தபோதும் அருவருப்பின்றிக் கழுவிப் பணிசெய்தவன் அவன். முனிவருக்குச் செய்யும் வையாவிருத்தியமும் நாய்க்குச் செய்யும் பணியும் ஒன்றென நாம் கூறவில்லை. அருவருப்பை வெல்லும் பயிற்சி ஒன்றே.

அண்டை வீட்டார் சிலர் இரக்கத்தோடுதான் சொல்கின்றனர்: "ஏன் இந்தப் பாடு? ஓர் ஊசி போட்டு உறங்கவைத்துவிடுங்கள்; அதற்கும் நிம்மதி." நம்மவருள்ளும் ஒருவர், சல்லேகனையை ஏற்கும் சமயம்தானே நம்முடையது என்றார். இது பெரும்பிழை. சல்லேகனை தான் தனக்கே, தெளிந்த அறிவோடு, குருவின் இசைவு பெற்று ஏற்கும் விரதம். பிறர்பொருட்டு அதனை ஏற்க எவருக்கும் உரிமையில்லை. வலிப்பில்லாத நாட்களில் சுதன் வாயிற்படியில் வெயில் காய்கிறான். பால்காரர் மணியொலிக்கு வாலாட்டுகிறான். வாழ விரும்பும் உயிரின் அடையாளம் வேறு என்ன?

மணலியில் இருந்துகொண்டு உயிர்களின் துன்பத்தைக் காணாதிருத்தல் இயலாது. புழல் ஆதிநாதர் ஆலயம் சில கல் தொலைவில் நிற்கும் இப்பகுதி, 1960களுக்குப்பின் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உர உற்பத்தியும் சூழ்ந்த பேட்டையாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம்வரை பரவியபோது, கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெய் படிந்து பறக்கமாட்டாமல் நின்றன. மீனவர் வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. அதனைத் தனி ஒருவரால் துடைக்க இயலாது. அதற்கு அரசும் சட்டமும் வேண்டும். ஒரு நாயின் மாத்திரை அவ்வாறன்று. அது ஓர் இல்லத்தின் கைக்குள் அடங்குவது.

எழுபதைக் கடந்த நாம் ஏன் இதனை ஏற்றோம், நமக்குப்பின் யார் என்று கேட்பவருக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பள்ளிப் பழக்கத்தால் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். நாள், வேளை, மாத்திரையின் அளவு, கொடுத்தவர் கையொப்பம், வலிப்பு வந்ததா, எத்தனை நிமிடம் என்னும் பத்திகள் அதில் உண்டு. முன் அட்டையின் உட்புறத்தில், மருத்துவர் சீட்டின் படியும், தடுப்பூசிச் சான்றும், மாநகராட்சி உரிமமும் ஒட்டப்பட்டுள்ளன. நமக்குப்பின் பொறுப்பேற்க இசைந்த தங்கை மகன் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, தன் கையால் மாத்திரை கொடுத்துக் கையொப்பமிட்டுச் செல்கிறான். நாயும் அவன் கையை அறிந்துகொண்டது. இத்தகைய இரண்டாவது கை ஒன்று இல்லாத இல்லம், இளையோர் இல்லமாயினும், நோயுற்ற நாயைத் தத்தெடுத்தல் தகாது. அத்தம்பதியரிடமும் இதையே கேட்டோம். இரவுப்பணி வரும் வாரங்களில் யார் கொடுப்பது என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவசரம் வேண்டா என்று சொல்லியனுப்பினோம். வாரம் ஒருமுறை காப்பகத்துக்குச் சென்று அந்நாயோடு இருந்துவரவும் கூறினோம்.

தீபாவளி பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய அந்நாளின் விடியற்காலைப் பூஜைக்கு நாம் அனைவரும் ஆலயம் செல்வோம். அவ்வேளையே சுதனின் மாத்திரை வேளை. அவ்வேளையே தெருவெங்கும் வெடி வெடிக்கும் வேளையும். பேரொலியும் பதற்றமும் வலிப்பைத் தூண்டக்கூடும். ஆகவே வாயிற்கதவடைத்து, உள்ளறையில் மின்விசிறியை ஓடவிட்டு, இல்லத்தில் ஒருவர் பின்தங்குவர். சென்ற ஆண்டு நம் முறை வந்தது. நாயின் அருகே தரையில் அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஐந்தரைக்கு இட்லி தயாராக இருந்தது. இவ்வாண்டு தங்கை மகன் முறை.